படியோரம் இரண்டு ஆள் ஆழம்

அம்மாசி அண்ணனைச் சந்தித்த முதல் நாளே அவர் என்னை நடு ஆற்றில் வேறொரு படகுக்கு மாற்றிவிட்டார்.

அப்போது நான் தி.நகரில் ஒரு சிறிய நீர் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எனக்குச் சங்கராபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் பக்கம் போன முதல் ஆள் நான்தான். முதல் தலைமுறைப் பட்டதாரி என்று வாங்கிய சான்றிதழ் இன்றும் என் பெட்டியில் கசங்காமல் இருக்கிறது. அடையாற்றங்கரையில் ஒரு படகுச் சங்கம். அவர்கள் நீண்ட தூரக் கயாக், கனூ போட்டி ஒன்றை நடத்தவிருந்தார்கள். நந்தம்பாக்கத்தில் கிளம்பி, கடல் முகத்துவாரம் வரை போய்த் திரும்பி, சங்கத்தின் துறையில் முடிய வேண்டும். பதினெட்டு கிலோமீட்டர். தடம் முழுக்க ஆழம் அளந்து வரைபடம் போட்டுத் தரும்படி எங்கள் அலுவலகத்தைக் கேட்டிருந்தார்கள். நான் ஆழமானியைத் தூக்கிக்கொண்டு போனேன். படகோட்ட அம்மாசியை அனுப்பினார்கள்.

நாற்பதைத் தொடும் வயது. ஒல்லி உடம்பு. தோள் மட்டும் வேறு யாருடையதையோ வாங்கி மாட்டிக்கொண்டது போல அகலம். துடுப்பு வலிக்கிற சத்தமே கேட்காது. நான் கருவியைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன்பே ஆழம் சொல்லிவிடுவார்.

"இங்க ஏழு அடி சார்."

கருவி இரண்டு புள்ளி ஒன்று மீட்டர் என்று காட்டும். நாலு வருஷம் படித்துவிட்டு வந்தவன் நான். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

கோட்டூர்புரம் பாலத்தின் நிழல் படகில் விழுந்ததும் துடுப்பை மடியில் வைத்துவிட்டார்.

"நான் இத்தோட நிறுத்திக்கிறேன் சார். மேல குலாமு வருவான்."

"ஏண்ணே? இன்னும் பாதி ஆறு இருக்கே."

"கீது. யாரு இல்லன்னா? நான் போறதில்ல."

பின்னாலேயே இன்னொரு படகில் குலாம் முகம்மது வந்துகொண்டிருந்தார். அம்மாசியோடு இருபது வருஷமாகப் படகுக் கொட்டகையில் வேலை பார்ப்பவர். என் கையைப் பிடித்துத் தன் படகுக்கு ஏற்றிக்கொண்டார்.

"மாமுக்கு பாலத்துக்கு அந்தாண்ட விசா இல்ல சார். நம்ம போலாம் வாங்க."

அம்மாசி சிரிக்கவில்லை. படகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

பாலத்தைத் தாண்டிச் சைதாப்பேட்டைப் பக்கம் போகும்போது ஆறு ஓரிடத்தில் வளைகிறது. வளைவின் வெளிக்கரையில் புதிதாகச் சிமெண்டுச் சுவர் எழும்பியிருந்தது. அதற்குப் பின்னால் கம்பி வேலி, அதற்கும் பின்னால் வெறும் நிலம்.

"இதுதான் சார் கன்னியம்மன் தோட்டம்," என்றார் குலாம். "எர்நூறு வூடு இருந்திச்சி. மாமு பொறந்தது, கல்யாணம் கட்னது எல்லாம் இங்கதான்."

சுவரோரம் கருவியை இறக்கினேன். நாற்பது சென்டிமீட்டர். ஒரு முழம்கூட இல்லை. வெளிக்கரையில்தான் தண்ணீர் வேகமாக அறுத்துக்கொண்டு ஓடும், அங்கேதான் ஆழம் இருக்க வேண்டும். பாடப் புத்தகத்தில் அப்படித்தான் படித்திருந்தேன். மறுபடியும் இறக்கினேன். அதே நாற்பது. குறித்துக்கொண்டேன்.

அம்மாசியின் கதையைக் கொஞ்சம் குலாமும் கொஞ்சம் அவரும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பதினாலு வயதில் சங்கத்தில் சேர்ந்திருக்கிறார். வேலை, உறுப்பினர்களின் படகைக் கொட்டகையிலிருந்து தலைமேல் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் விடுவது, அவர்கள் திரும்பி வந்ததும் தூக்கி வந்து நல்ல தண்ணீரில் கழுவிவைப்பது. ஓட்டை விழுந்தால் பைபர் துணி வைத்து ஒட்டுவதும் அவர்தான். யாரும் இல்லாத மதிய நேரத்தில் கயாக்கில் ஏறிப் பழகிக்கொண்டார். உடம்பு மட்டும் நுழைகிற ஒல்லிப் படகு அது. இரண்டு பக்கமும் பலகை வைத்த துடுப்பு. பழகி ஒரு வருஷத்தில் உறுப்பினர்களே அவரோடு போட்டி போடப் பயந்தார்களாம்.

கன்னியம்மன் தோட்டத்தில் ஆற்றுக்குள் இறங்க வழி சரியாக இல்லை. பெண்கள் துணியும் குடமுமாக மண்ணில் வழுக்கி விழுவார்கள். அம்மாசி கல்யாணமான வருஷம் தன் கையால் ஏழு படி கட்டினார். வழுக்காமல் இருக்க, ஒரு டைல்ஸ் கடைக்காரர் வெளியே கொட்டிய உடைசல்களைக் கேட்டு வாங்கிவந்து, சிமெண்டு ஈரமாக இருக்கும்போதே அழுத்திப் பதித்தார். நீலம், மஞ்சள், பாதி ரோஜாப் பூ. கடைசிப் படிக்குக் கீழே இரண்டு ஆள் ஆழம். பையன்கள் அங்கிருந்துதான் குதிப்பார்கள்.

பெருவெள்ளம் வந்த வருஷம் சங்கத்துப் படகை எடுத்துக்கொண்டு மூன்று நாள் கோட்டூர்புரம் தெருக்களில் மாடி மாடியாக ஆள் இறக்கினார். அதற்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். இரண்டு வருஷம் கழித்து, ஆற்றோரம் ஆபத்து என்று சொல்லிக் கன்னியம்மன் தோட்டத்தைக் காலி செய்தார்கள். எல்லாருக்கும் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு.

இடித்த அன்று அம்மாசி அங்கே இல்லை. சங்கத்தில் ஒரு பந்தயம் இருந்தது. லீவு கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். இடிப்பதைப் பார்க்க மனசு தாங்காது என்பதால் கேட்கவில்லை, அவ்வளவுதான். மனைவி முத்தம்மாதான் மூன்று வயது மகள் நிஷாவை இடுப்பில் வைத்துக்கொண்டு சாமான்களை லாரியில் ஏற்றினாள். அன்றிலிருந்து அவர் பாலத்துக்கு மேலே போனதில்லை. பஸ்ஸில் பாலத்தைத் தாண்டும்போதுகூட கடல் பக்கம் திரும்பி நின்றுகொள்வார்.

பெரும்பாக்கத்திலிருந்து காலை ஐந்து மணிப் பயிற்சிக்கு வந்து சேரப் பஸ் கிடையாது. அதனால் கொட்டகையிலேயே, படகுகளுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்துக்கொள்வார். திங்கட்கிழமை சங்கம் லீவு. அன்று மட்டும் வீடு. நிஷாவின் சிநேகிதிகள் அவரைத் திங்கக்கெழமை அப்பா என்று கூப்பிட்டார்கள். இதை அவர் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னார். இரண்டாம் தடவை சொல்லும்போது சிரிக்கவில்லை.

போட்டியில் அவர் சேர்ந்ததற்குக் காரணம் அதுதான். சங்கத்துக்கு ஒரு பயிற்சியாளர் வேண்டியிருந்தது. கொட்டகைக்குப் பின்னால் ஓட்டுக்கூரை போட்ட ஓர் அறை, தனிக் குழாய், ஆற்றைப் பார்த்த ஜன்னல். பயிற்சியாளராக வருகிறவர் குடும்பத்தோடு அங்கே தங்கிக்கொள்ளலாம். மைலாப்பூரிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வரும் செயலாளர் ராகவேந்திரன் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"யார் வேணா சேரலாம். மொதல்ல வர்றவனுக்குத்தான் அந்தப் போஸ்ட். அம்மாசி, நீயும் பேரைக் குடு. ஆனா ஒண்ணு, உனக்காக ரூலை வளைக்க மாட்டேன், அப்புறம் எங்கிட்ட வந்து நிக்காதே."

"வளைக்க வாணாம் சார். நேராவே வச்சிக்கினு இருங்க, நான் வந்து எடுத்துக்கிறேன்."

"பார்ரா வாயை!" என்று அவரும் சிரித்தார்.

போட்டிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை முத்தம்மாவும் நிஷாவும் அறையைப் பார்க்க வந்திருந்தார்கள். முத்தம்மா அடுப்பு வைக்கிற மூலையைச் சாண் போட்டு அளந்தாள். துடைப்பம் கேட்டு வாங்கி, யார் வீடோ எவர் வீடோ என்று பாராமல் கூட்டிவிட்டாள். பத்து வயது நிஷா ஜன்னல் மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "இது என்னுது, யாரும் குந்தக் கூடாது," என்றாள்.

"அப்பா ஜெயிக்கட்டும், அப்பால குந்து," என்றாள் முத்தம்மா.

"அப்பா ஜெயிக்காம வேற யாரு ஜெயிப்பா?"

எனக்கும் அதே எண்ணம்தான். கொட்டகையில் எல்லாருக்கும் அதே எண்ணம். நொச்சிக்குப்பத்திலிருந்து ஜவஹர் என்று ஒரு பையன் வந்திருந்தான். கடலில் பழகிய கை, நல்ல வேகம். ஆனால் அவனுக்கு ஆறு தெரியாது.

போட்டிக்கு முதல் நாள் சாயங்காலம் வளைவுகளில் ஆரஞ்சு மிதவைகளைக் கட்டிவிட்டுக் கொட்டகைக்கு வந்தேன். அம்மாசி தன் கயாக்கின் அடிப்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு எங்கண்ணே முந்துவீங்க?" என்று சும்மாதான் கேட்டேன்.

அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க வளைவுல. எல்லாரும் நடுவுல போவானுங்க. நான் படியோரம் உடுவேன். படியோரம் ரெண்டு ஆள் ஆழம் சார். எறக்கத் தண்ணி அங்கதான் இஸ்துக்கினு போவும். நாலு படகு நீளம் அங்கியே எடுத்துருவேன்."

என் பையில் வரைபடம் இருந்தது. படியோரம் நாற்பது சென்டிமீட்டர்.

போட்டியாளர் யாருக்கும் வரைபடத்தை முன்கூட்டிக் காட்டக்கூடாது, காலையில் விளக்கக் கூட்டத்தில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் காட்டுவோம் என்று செயலாளர் என்னிடம் சொல்லியிருந்தார். சரியான விதிதான். பன்னிரண்டு மணி நேரம் பொறுத்தால் எப்படியும் தெரியப்போகிறது.

"காலைல கூட்டத்துல மேப் காட்டுவாங்கண்ணே. தவறாம ஒருவாட்டி பாத்துருங்க."

"இந்த ஆத்துக்கு எனுக்கு மேப்பா?" கடகடவென்று சிரித்தார். "அந்தப் படிய கட்னதே நான் சார்."

விதி மீறாமல் நடந்துகொண்டோம் என்ற திருப்தியோடுதான் அன்றைக்கு அறைக்குத் திரும்பினேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நந்தம்பாக்கத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். செயலாளர் என் வரைபடத்தைப் பலகையில் மாட்டி, ஒவ்வொரு வளைவாகக் குச்சியால் தொட்டு ஆங்கிலத்தில் விளக்கினார். கன்னியம்மன் தோட்டம் என்ற பெயர் வரைபடத்தில் கிடையாது. நாலாவது வளைவு, இடது கரையில் ஆழமில்லை, மிதவைகளுக்கு நடுவில் போக வேண்டும் என்றார். போட்டியாளர்கள் பத்தொன்பது பேர். பதினெட்டுப் பேர் நின்று கேட்டார்கள். பத்தொன்பதாவது ஆள் லாரியிலிருந்து பதினெட்டுப் பேரின் படகுகளை இறக்கிக்கொண்டிருந்தார். அது அவர் வேலை. தினமும் செய்கிற வேலை. போட்டியாளராக இருக்கும் நாளில் அதைச் செய்ய வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. சங்க உறுப்பினரின் மகன் அனிருத்தின் படகைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் பந்தலைத் தாண்டிப் போனதை நான் பார்த்தேன். கூப்பிட்டிருக்கலாம். கூட்டம் முடிகிற நேரம், எனக்கு நாலாவது வளைவில் நேரம் குறிக்கிற பொறுப்பு, வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கன்னியம்மன் தோட்டத்துச் சுவர் மேல் ஏறி நின்றேன். கையில் நோட்டு, கழுத்தில் விசில். கடல் உள்வாங்கும் நேரம், ஆற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. நாற்பத்தாறாவது நிமிஷத்தில் முதல் படகு தெரிந்தது. அம்மாசி. பின்னால் முப்பது மீட்டரில் ஜவஹர். மற்றவர்கள் கண்ணுக்கே எட்டவில்லை.

மிதவைகளுக்கு முன்னால் படகு என் பக்கம் திரும்பியது. அவர் முகம் மட்டும் எதிர்க்கரையைப் பார்த்தபடி இருந்தது. ஏழு வருஷமாகப் பார்க்காத இடத்தை அப்போதும் பார்க்காமல், மனசில் இருக்கிற படியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

விசில் ஊதினேன். "நடுவுல போங்கண்ணே! நடுவுல!" என்று கத்தினேன். நான் உற்சாகப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, துடுப்பிலிருந்து ஒரு கையை எடுத்துத் தூக்கிக் காட்டினார்.

அடுத்து கேட்டது, தகரத்தைக் கல்லில் இழுத்த மாதிரி ஒரு சத்தம். படகு நின்றுவிட்டது. ஜவஹர் மிதவைகளுக்கு நடுவே போய்விட்டான்.

அம்மாசி படகை விட்டு இறங்கினார். தண்ணீர் கெண்டைக்காலுக்கு மேல் வரவில்லை. காலால் தடவிப் பார்த்தார். குனிந்து, கையால் பாசியை வழித்தார். தலைகீழாகக் கிடந்த சிமெண்டுப் பாளம் ஒன்று. அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பிதான் படகின் வயிற்றைக் கிழித்திருக்கிறது. பாளத்தின் ஓரத்தில் நீலம், மஞ்சள், பாதி ரோஜாப் பூ.

"சார்," என்று என்னை நிமிர்ந்து பார்த்தார். "இது இன்னா சார் இங்க கீது?"

"நாப்பது சென்டிமீட்டர்ண்ணே," என்றேன். என் வாயில் வந்தது அந்த எண்தான்.

பாளத்திலிருந்து கையை எடுத்தார். "உங்களுக்குத் தெர்யுமா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை.

அடுத்த படகுகள் வரத் தொடங்கின. அனிருத் வேகத்தைக் குறைத்தான். "அம்மாசிண்ணா! என்னாச்சு? வரட்டுமா?"

"வராத தம்பி! இந்தாண்ட கட்டட ரப்பீஷ் கீது, படகு கிழிஞ்சிடும். நடுவுல போ, நடுவுல!"

தன் படியின் மேல் நின்றுகொண்டு, வருகிற ஒவ்வொருவருக்கும் கையைக் காட்டி நடுவில் அனுப்பினார். பன்னிரண்டு பேர் அப்படிப் போனார்கள். அதற்கப்புறம்தான் நினைவு வந்தவர் போல பனியனைக் கழற்றிக் கிழிசலில் திணித்து, படகைத் திருப்பிப்போட்டுத் தண்ணீரை வடித்து, ஏறி உட்கார்ந்தார். பதினோரு நிமிஷம் என்று நோட்டில் எழுதினேன். பத்தொன்பது பேரில் பதினாலாவதாக வந்து முடித்தார்.

நான் சங்கத்துக்கு வந்து சேர்ந்தபோது ஜவஹருக்கு மாலை போட்டிருந்தார்கள். செயலாளர் துறையருகே நின்றுகொண்டிருந்தார். "கண்ணை மூடிண்டு ஓட்டியிருந்தாக்கூட நீதானேடா ஜெயிச்சிருக்கணும்," என்று அம்மாசியைப் பார்த்துச் சொன்னார். அவருக்கும் வருத்தம்தான். ஆனால் ரூல் ரூல்தான் என்று அதையும் சேர்த்துச் சொன்னார். அம்மாசி ஏற்கெனவே குழாயடியில் மற்றவர்களின் படகுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"உடு மாமு, நான் கழுவுறேன்," என்று குலாம் குழாயைப் பிடுங்கினார். அவர் கொடுக்கவில்லை.

முத்தம்மா வேலியோரத்திலிருந்து சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். கிழிந்த படகைச் சுற்றிவந்து பார்த்தாள்.

"எங்கய்யா கிழிஞ்சிது?"

"படியில."

"எந்தப் படி?"

"நம்ம படி. தண்ணிக்குள்ள கெடக்குது."

முத்தம்மா தூக்கைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அங்கதான்யா கெடக்கும். ஜேசிபிய வச்சி அத்தத் தூக்கி ஆத்துக்குள்ளதான தள்னான். படி, வூடு, கோயிலு மேடை, எல்லாத்தையும் தள்னான். லாரி மேல குந்திக்கினு பாத்தேனே நான்."

அம்மாசியின் கையிலிருந்த குழாய் தரையில் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஏண்டி சொல்லல?"

"எப்ப சொல்லுவேன்? அன்னிக்கி வூட்டுக்கு வந்து இன்னா சொன்ன நீ? அந்த எடத்தப் பத்தி இந்த வூட்ல ஒர்த்தரும் வாயத் தொறக்கக் கூடாதுன்ன. ஏழு வருசமா தொறக்கல. கொயந்த கேட்டாக்கூட அடக்கி வச்சேன். நீ ஒரே ஒரு தபா கேட்டுருந்தா சொல்லிருப்பேனேய்யா."

அம்மாசி குழாயை மூடினார். அடுத்த படகை எடுத்துக் கவிழ்த்தார்.

நிஷா அந்த அறையிலிருந்து வந்தாள். காலையிலேயே ஜன்னல் மேடையில் தன் பள்ளிக்கூடப் பையைக் கொண்டுபோய் வைத்திருந்திருக்கிறாள். யாரும் எதுவும் சொல்லாமலே அதை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

நான் அங்கிருந்து போய்விட்டேன். வரைபடத்துக்கு எங்கள் அலுவலகத்தைப் பாராட்டிக் கடிதம் வந்தது. ஒரு சென்டிமீட்டர்கூடப் பிசகு இல்லை என்று அதில் எழுதியிருந்தார்கள்.

அம்மாசி அதற்குப் பிறகு நாலு மாதம் சங்கத்தில் இருந்தார். ஜவஹர் பயிற்சியாளராக வந்து, அந்த அறையில் தன் அம்மாவோடு குடியேறினான். அவனுக்குப் பாலத்துக்கு மேலே உள்ள ஆற்றைக் காட்டிக்கொடுத்தவர் அம்மாசிதான் என்று குலாம் சொன்னார். தினமும் மத்தியானம் இரண்டு பேரும் போவார்களாம். நாலாவது வளைவில் இடது கரையை ஒட்டாதே என்று அவனிடம் பத்துத் தடவை சொன்னாராம். மே மாதம் ஒரு திங்கட்கிழமை வீட்டுக்குப் போனவர் சங்கத்துக்குத் திரும்ப வரவில்லை.

போன மாதம் அவரைப் போய்ப் பார்த்தேன். முதல் நாள் சாயங்காலமே நான் சொல்லியிருக்க வேண்டும் என்றேன்.

"நீங்க சொல்லிருந்தா மட்டும் நான் கேட்டுருப்பேனா சார்? மெஷினு தப்புன்னுருப்பேன்," என்றார். "டீ சாப்டுறீங்களா?"

என்னைத் தேற்றுவதற்காகத்தான் அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அம்மாசி இப்போது சோழிங்கநல்லூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தில் காவல் வேலை பார்க்கிறார். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை வேலை. இரவு வீட்டுக்குப் போய்விடுகிறார். குளத்தின் ஆழம் நாலரை அடி. சுவரில் எழுதியிருக்கிறது.